குடி உடம்பு வயசை ஏத்துமா? டெலோமியர் டெஸ்ட் எடுக்கலாமா?

ஓசூர்_ஷிப்ட்:
அண்ணனுக்கு வயசு 43. வாரம் நாலு குவார்ட்டர் பிராந்தி. உடம்போட வயசு நிஜமாவே கூடுமா? டெலோமியர் (குரோமோசோம் நுனில இருக்கிற டிஎன்ஏ மூடி, வயசாக வயசாக குட்டையாகும்) டெஸ்ட்டுக்கு ஆயிரக்கணக்குல கேக்குறாங்க.

பென்னாகரத்தான்:
கூடும்ங்க. குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில 61 கிராம். பிரிட்டன் கணக்குல 10 மில்லி ஒரு யூனிட், அப்ப நாலு குவார்ட்டர் 31 யூனிட். 2022ல ஆக்ஸ்ஃபோர்டுக்காரங்க சுமார் 2,45,000 பேரோட டேட்டாவைப் பார்த்தாங்க. வாரம் 29 யூனிட்டுக்கு மேல குடிக்கிறவங்க டெலோமியர், 6 யூனிட்டுக்குக் கீழ குடிக்கிறவங்களதை விட 1-2 வருஷம் கூடுதலா வயசான மாதிரி குட்டையா இருந்துச்சு. கல்லீரல் ஆல்கஹாலை முதல்ல அசிட்டால்டிஹைடா மாத்துது, டிஎன்ஏவைச் சேதப்படுத்துறது அதுதான். தண்ணி நிறைய ஊத்தினா ஒண்ணும் ஆகாதுங்கிறது சும்மா பேச்சு. கிராம் அதே கிராம்தான்.

காவேரிப்பட்டணம்_லேப்:
டெலோமியர் டெஸ்ட் தண்டச் செலவு. ஒரே வயசுக்காரங்களுக்குள்ளயே அளவு ஏகத்துக்கு மாறும். கல்லீரலுக்கு ஜிஜிடி, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடின்னு ரத்த டெஸ்ட், சிபிசில (ரத்த அணு எண்ணிக்கை) எம்சிவி (சிவப்பணுவோட சராசரி அளவு), வயித்து ஸ்கேன் போதும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல ரெண்டு மடங்கு இருந்தா குடி மேலதான் சந்தேகம். நிறுத்தினா ஜிஜிடி சில வாரத்துல இறங்கும். எம்சிவிக்கு மூணு நாலு மாசம் ஆகும், சிவப்பணு ஆயுசே 120 நாள்.

ஓசூர்_ஷிப்ட்:
அப்ப நாளைக்கே நிறுத்தச் சொல்லலாமா?

பென்னாகரத்தான்:
நடுவுல குடிக்காத நாள் இருந்து, அன்னிக்கு நடுக்கம் வியர்வை இல்லேன்னா தாராளமா. தினமும் குடிச்சு காலைல கை நடுங்குறவங்க திடீர்னு விடக்கூடாது, 6-லிருந்து 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். கிருஷ்ணகிரியோ தருமபுரியோ, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டி மருந்தோட நிறுத்துங்க. "அசதியா இருக்கு"ன்னு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்த விடாதீங்க, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொல்லுங்க.