எழுத்து ஓடும் தமிழ்க் கதை வீடியோ: பையன் படத்தை மட்டும்தான் பார்க்கிறான், என்ன செய்யலாம்?

அல்சூர் அம்மா
வணக்கம். பையனுக்கு நாலரை வயது, இங்கே பெங்களூரில் எல்கேஜி. பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும்தான், தமிழ் எழுத்து வீட்டோடு சரி. அதனால் புக்பாக்ஸின் தமிழ் அனிமேஷன் கதைகளைப் போட்டுவிடுகிறேன். குரல் வாசிக்க வாசிக்கக் கீழே சொற்கள் நிறம் மாறும் வகை. முழுக்கதையையும் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிறான், பாட்டிக்கு ஒரே பூரிப்பு. ஆனால் நிறுத்தி ஒரு சொல்லைக் காட்டினால் முழிக்கிறான். கண் எழுத்துப் பக்கமே போவதில்லை.

இன்னொரு தொல்லை: டிவியில் போட்டால் கீழ்வரி வெட்டுப்படுகிறது. சு, மூ எல்லாம் பாதிதான் தெரிகிறது.

ஒயிட்ஃபீல்டு வாசி
டிவியிலேயே யூடியூபா, லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐயில் இணைத்தா?

அல்சூர் அம்மா
லேப்டாப்தாங்க.

ஒயிட்ஃபீல்டு வாசி
அப்போ ஓவர்ஸ்கேன். டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது. பட செட்டிங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். கையோடு ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கதை முடிந்ததும் அது எங்கே கூட்டிப்போகும் என்று சொல்ல முடியாது.

மழலை டீச்சர்
இந்த வயதில் கண் படத்துக்குத்தான் போகும், அதுவும் அசைகிற படம் என்றால் கேட்கவே வேண்டாம். சொல் நிறம் மாறினால் மட்டும் எழுத்து வந்துவிடாது. 1996-ல் அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி இந்த யோசனையை ஆரம்பித்ததே, கொஞ்சம் எழுத்துத் தெரிந்தும் தட்டுத்தடுமாறிப் படிப்பவர்களுக்காக. டிவியில் சினிமாப் பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளையும் காட்டுவது. புக்பாக்ஸும் அவர் தொடங்கியதுதான். உங்கள் பையனுக்கு அந்தக் ‘கொஞ்சம்’ இன்னும் வரவில்லை.

முதல் தடவை சும்மா ரசிக்கட்டும். அடுத்த தடவை கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு சொல்லைப் பிடியுங்கள், யானையோ பூனையோ. அது நிறம் மாறும்போது அவன் கத்த வேண்டும். இந்த விளையாட்டுக்குக் கண் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். தனி எழுத்தாகக் கேட்காதீர்கள். ‘காகம்’ என்பதில் முதல் ககரம் ஒரு மாதிரி ஒலிக்கிறது, அடுத்தது வேறு மாதிரி. காதை நம்பும் குழந்தை குழம்பிப்போகும். முழுச் சொல்லாகவே பழகட்டும்.

அப்புறம் தாள். என் வகுப்பில் வேலை நடப்பது அங்கேதான். நம்ம ஊர்ப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக பிடிஎஃப்பாக இறக்கலாம், அச்செடுக்கவும் உரிமம் உண்டு. வாசிப்பு நிலை 1 போதும், பக்கத்துக்கு ஓரிரு வரிதான். நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள், பிறகு அவன் விரல் வைக்கட்டும்.

ராஜாஜிநகர் தாத்தா
நாலரை வயசுக்கு எதற்கம்மா இவ்வளவு அவசரம்? ஒப்பிக்கிறானே, அதுவே பெரிய சொத்து. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது, ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று. பாட்டியைக் கதை சொல்லச் சொல்லுங்கள்.

மழலை டீச்சர்
தாத்தா சொல்வதில் பாதி சரி. அவசரம் வேண்டாம். ஆனால் பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைக்கு வீட்டில் எழுத்தைக் காட்டாவிட்டால் தமிழ் பேச்சோடு நின்றுவிடும்.

அல்சூர் அம்மா
ஸ்கிரீன் ஃபிட் வேலை செய்தது, ரொம்ப நன்றி! தாத்தா, பாட்டி தினமும் சொல்கிறார், அது நிற்காது. டீச்சர், கலர் பிரிண்ட் இங்கே விலை அதிகம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அவனுக்குப் பிடிக்குமா?

மழலை டீச்சர்
தாராளமாக எடுங்கள். கிரேயானைக் கொடுத்தால் கலர் அவனே அடிப்பான். எழுத்து மேல் மட்டும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அல்சூர் என்றால் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்தில் நூலகமும் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.