யுகுலேலே ஏ ஸ்ட்ரிங் அறுந்துவிட்டது: எந்த செட் வாங்கலாம், எப்படிக் கட்டணும்?

முத்துநகர்_அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். எட்டாவது படிக்கும் என் மகளிடம் ஒரு கான்செர்ட் (நடுத்தர அளவு) யுகுலேலே, அதாவது நாலு ஸ்ட்ரிங் உள்ள சின்னக் கிடார் மாதிரிக் கருவி, இருக்கிறது. உறவுக்காரப் பையன் கிடாருக்கு மாறியதும் இவளுக்குக் கொடுத்தான். போன வாரம் ஏ ஸ்ட்ரிங், அதைக் கீழே கட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டையின் பக்கத்தில் அறுந்துவிட்டது. இங்கே தூத்துக்குடியில் ஒரு கடையில் கேட்டதற்கு, எல்லாம் ஒண்ணுதான் என்று கிடாரின் முதல் ஸ்டீல் ஸ்ட்ரிங்கைக் கொடுத்துவிட்டார்கள். கையை வெட்டுகிற மாதிரி மெல்லிசாக இருப்பதால் இன்னும் போடவில்லை. போடலாமா? ஆன்லைனில் தேடினால் நைலான், ஃப்ளூரோகார்பன், நைல்கட் என்று ஏதேதோ வருகிறது. அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

இன்னொரு சந்தேகம். அறுவதற்கு முன்பே, சும்மா மீட்டினால் சுருதி பார்க்கும் ட்யூனர் சரி என்று பச்சை காட்டும். மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) அழுத்தினால் சுருதி ஏறிவிடும். கருவியில்தான் கோளாறா? பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்கப் பெயர் கொடுத்திருக்கிறாள், அதனால்தான் கவலை.

நாலுதந்தி:
அக்கா, ஸ்டீல் வேண்டவே வேண்டாம். அக்கூஸ்டிக் கிடாரில் போடும் 12 அளவு (0.012 அங்குலத் தடிமன்) முதல் ஸ்ட்ரிங்கை யுகுலேலேயின் ஏ சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை வழக்கமானதைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அதைவிட மோசம், மெல்லிய எஃகுக் கம்பி நட்டையும் (கழுத்தின் மேல்முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பட்டை) பிரிட்ஜ் மரத்தையும் அறுத்துப் பள்ளம் போட்டுவிடும். அப்புறம் சரியான ஸ்ட்ரிங் போட்டாலும் உட்காராது.

இந்தக் கருவிக்கு ஆதியில் குடல் நரம்புதான். 1879-ல் மதீராத் தீவிலிருந்து ரேவன்ஸ்க்ராக் கப்பலில் ஹொனலூலு வந்திறங்கிய போர்த்துகீசியக் குடும்பங்களோடு வந்த சின்னக் கிடாரிலிருந்து பிறந்தது இது. குடல் நரம்பின் இடத்தை 1940-களுக்குப் பிறகு நைலான் பிடித்துக்கொண்டது. நைல்கட் என்பது அந்தக் குடல் நரம்பின் நாதத்தைச் செயற்கைப் பொருளில் கொண்டுவர இத்தாலியின் அக்கீலா நிறுவனம் செய்தது. பால் வெள்ளையாக இருக்கும், சத்தம் நன்றாக எழும். ஃப்ளூரோகார்பன் நைலானைவிட அடர்த்தி கூடியது, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதனால் அதே சுருதிக்கு மெல்லிய ஸ்ட்ரிங் போதும், நாதமும் தெளிவாக இருக்கும்.

உங்கள் ஊரை வைத்துச் சொல்வதென்றால் ஃப்ளூரோகார்பன். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உப்புக்காற்றடிக்கிற ஊரில் காலையில் சேர்த்த சுருதி சாயங்காலம் நிற்காது. ஃப்ளூரோகார்பன் தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை.

அளவுக்கு, நட்டிலிருந்து சாடில் (பிரிட்ஜின் மேல் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பட்டை) வரை டேப்பால் அளந்து பாருங்கள். 38 செ.மீ. பக்கத்தில் இருந்தால் கான்செர்ட். அதைவிடச் சின்ன சோப்ரானோ 34, பெரிய டெனர் 43 வாக்கில் வரும். எல்லாவற்றிலும் பெரிய பாரிடோனின் செட்டை மட்டும் தவறியும் வாங்கிவிடாதீர்கள், அது டி-ஜி-பி-ஈ சுருதிக்கானது, நம்முடையது ஜி-சி-ஈ-ஏ.

நாலையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு மூன்று பழசு என்றால் ஓசை ஒட்டாது.

இழைப்புளி:
ஃப்ரெட்டில் சுருதி ஏறுவது பற்றி: கருவியைக் குறை சொல்லும் முன் பழைய ஸ்ட்ரிங்கை விரலால் அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். ஃப்ரெட் படும் இடங்களில் நகத்துக்குத் தட்டுப்படுகிற மாதிரி சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும். நீளம் முழுக்க ஒரே கனமாக இல்லாத ஸ்ட்ரிங் எந்த ஃப்ரெட்டிலும் சரியாகப் பேசாது. புதுசு போட்டு, அது அடங்கிய பிறகு 12-வது ஃப்ரெட்டில் சோதியுங்கள். ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு ஒலி வரும். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். ட்யூனர் இரண்டுக்கும் ஒரே இடம் காட்டினால் கருவி நல்ல கருவிதான்.

மூன்றாவது ஃப்ரெட்டில் ஏறுகிறது, 12-ல் சரியாக இருக்கிறது என்றால் நட் உயரம். அது வேறு வேலை, அப்போது சொல்லுங்கள்.

கடலோரக்_கிடார்:
நானும் அதே ஊர்தான். இங்கே தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் ஃப்ளூரோகார்பன் நரம்பு கிடைக்கிறதே, அதைப் போடலாமா? தங்கூசி மாதிரிதானே இருக்கிறது?

நாலுதந்தி:
போடலாம், உலகம் முழுக்கப் பலர் போடுகிறார்கள், பொருள் அதேதான். ஆனால் சாதாரணத் தங்கூசி நைலான், இழுபட்டுக்கொண்டே போகும், அது வேண்டாம். ஃப்ளூரோகார்பன் என்று அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும். ஏ-க்கு அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டியும், சி-க்கு 0.8 மில்லிமீட்டர் பக்கத்திலும் தடிமன் வேண்டும். விழாவில் வாசிக்கப் போகிற குழந்தைக்கு நான் அந்தச் சோதனையைச் சொல்ல மாட்டேன். இசைக்கென்று செய்த செட் ஒன்று போட்டால் அளவு குறித்த கவலையே இல்லை.

அவசரத்துக்கு இன்னொரு வழி உண்டு. கிளாசிகல் கிடார் நைலான் செட் பல கடைகளில் கிடைக்கும். கிடாரில் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டால் மேல் நாலு ஸ்ட்ரிங்கும் ஜி-சி-ஈ-ஏ ஆகிவிடும் இல்லையா? ஆகவே கிடாரின் 1, 2, 3, 4-ஐ அப்படியே யுகுலேலேயின் ஏ, ஈ, சி, ஜி இடத்தில் கட்டலாம். நீளம் குறைவதால் இழுவிசையும் குறையும். கணக்குப் போட்டால் டெனரில் கிடாரில் இருந்ததில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், கான்செர்ட்டில் சுமார் 60 சதவீதம், சோப்ரானோவில் பாதிக்கும் கீழே. டெனரில் நன்றாக இருக்கும், கான்செர்ட்டில் சமாளிக்கலாம், சோப்ரானோவில் தொளதொளவென்று ஆகிவிடும். ஒன்று, ஜி இதில் ஒரு ஸ்தாயி கீழே வரும், அந்தத் துள்ளல் போய்விடும்.

முத்துநகர்_அம்மா:
38 செ.மீ.தான் தம்பி. பள்ளமும் இருந்தது, மகள் நகத்தால் கண்டுபிடித்துவிட்டாள். கான்செர்ட் ஃப்ளூரோகார்பன் செட் வரவழைத்தாயிற்று. பிரிட்ஜில் நாலு துளை, அதன் வழியாக விட்டுத் திருப்பி முறுக்கிக் கட்டியிருக்கிறது. ஏ ஸ்ட்ரிங்கைக் கட்டி இழுத்ததும் முடிச்சு வழுக்கி உருவிக்கொண்டு வந்துவிட்டது. எப்படிக் கட்டுவது?

இழைப்புளி:
ஃப்ளூரோகார்பன் வழுக்கும், அதிலும் ஏ ரொம்ப மெல்லிசு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைக் கட்டினால் சாடில் விழாது, பழைய முடிச்சைப் பார்த்தும் கட்டலாம். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். உருவும் முனை பலகையில் அடித்தால் பாலிஷில் தழும்பு விழும்.

ஸ்ட்ரிங்கை சாடில் பக்கத்திலிருந்து துளையில் விட்டுப் பின்பக்கம் ஒரு விரல் நீளம் வெளியே எடுங்கள். அந்த முனையை மரக்கட்டைக்கு மேலாக மடித்து சாடில் பக்கம் கொண்டுவந்து, துளைக்குள் நுழைகிற அதே ஸ்ட்ரிங்குக்கு அடியில் நுழைத்து மறுபடி பின்பக்கம் கொண்டுபோங்கள். இப்போது கட்டையின் மேலே ஒரு வளையம் இருக்கும். சி-க்கு அந்த வளையத்துக்கு அடியில் ஒரு தடவை விட்டால் போதும். ஜி, ஈ-க்கு இரண்டு. ஏ-க்கு மூன்று தடவை சுற்றுங்கள்.

உயிர்நிலை கடைசிச் சுற்றில் இருக்கிறது. அது கட்டையின் மேற்பரப்பில் நிற்கக் கூடாது, பின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கி, பின் முகத்தோடு ஒட்டி அழுந்த வேண்டும். மேலேயே நின்றால் எத்தனை முடிச்சு போட்டாலும் உருவும். இரு முனையையும் பிடித்து மெல்ல இறுக்கி, சரியாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே சுருதி முறுக்கும் கீ பக்கம் போங்கள்.

மேலே கீயின் துளையில் விட்டு, இரண்டு மூன்று சுற்று விழும் அளவுக்குத் தொய்வு விடுங்கள். சுற்றுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கட்டும், அப்போதுதான் நட்டின் மேல் ஸ்ட்ரிங் அழுந்தி உட்காரும்.

நாலுதந்தி:
ட்யூனர் ஆப் விஷயத்தில் ஜாக்கிரதை. சில ஆப்கள் ஸ்தாயி காட்டாது, வெறும் ஜி என்று மட்டும் காட்டும். சாதாரண யுகுலேலேயில் ஜி, சி-யைவிட மேல் சுருதி. ஏ-க்கு ஒரு முழு ஸ்வரம் கீழே நிற்கும். அதைத் தாண்டி ஏறுகிற மாதிரி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அறுந்துவிடும்.

கீழ்ஸ்தாயி:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். லோ ஜி (ஒரு ஸ்தாயி கீழான ஜி) போட நினைக்கிறேன். சும்மா மாற்றினால் போதுமா?

இழைப்புளி:
தம்பி, கீழ் ஜி தடிமனானது. மேல் ஜி-க்கு வெட்டிய நட் பள்ளத்தில் அது முழுசாக இறங்காது, மேலேயே தொங்கும், முதல் மூன்று ஃப்ரெட்டும் சுருதி ஏறி நிற்கும். பள்ளத்தை அகலப்படுத்தணும், ஆழப்படுத்தக் கூடாது. ஒருமுறை அகலப்படுத்தினால் பிறகு மேல் ஜி அதில் ஆடும். இதையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்த பிறகு ராவுங்கள்.

முத்துநகர்_அம்மா:
மூன்று சுற்று போட்டுக் கட்டினோம், ஏ நின்றுவிட்டது! ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் நாலும் இறங்கிவிடுகின்றன. அதோடு சி-யை மீட்டினால் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். அழுத்தினாலும் வருகிறது, சும்மா மீட்டினாலும் வருகிறது.

நாலுதந்தி:
இறங்குவது முடிச்சால் இல்லை, புது ஸ்ட்ரிங் நீளுகிறது. சில நாள் அப்படித்தான். 12-வது ஃப்ரெட் பக்கத்தில் விரலால் மெதுவாகத் தூக்கி இழுத்து விட்டு, மறுபடி சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். விழாவுக்கு முந்தின நாள் புது ஸ்ட்ரிங் போடுவதை மட்டும் எப்போதும் தவிர்த்துவிடுங்கள். ஒரு வாரமாவது பழக வேண்டும்.

இழைப்புளி:
இரைச்சல் எல்லா ஃப்ரெட்டிலும் வருகிறது என்றால் ஃப்ரெட் காரணமில்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் சி-யின் மிச்ச முனை பலகையைத் தொடுகிறதா பாருங்கள். அந்த முனையை விரலால் அழுத்திக்கொண்டே மீட்டுங்கள். இரைச்சல் நின்றால் அதுதான்.

முத்துநகர்_அம்மா:
அதேதான் அண்ணா! முனை பலகையைத் தொட்டுக்கொண்டு துடித்தது. நகவெட்டியால் ஒட்ட வெட்டினேன், சுத்தமாக நின்றுவிட்டது. 12-வது ஃப்ரெட் சோதனையும் செய்தாள், நாலு ஸ்ட்ரிங்கிலும் ட்யூனர் ஒரே இடம். மூன்றாவது ஃப்ரெட்டும் இப்போது ஏறவில்லை. உங்கள் எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

இழைப்புளி:
நல்லதம்மா. முடிச்சை ஒட்டி வெட்டிவிடாமல் மூன்று நான்கு மில்லிமீட்டர் விட்டிருக்கிறீர்களா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.