ஏற்காடு ஏறும்போது ஆல்பா 1 எண் தாறுமாறாக ஓடுகிறது. எதை நம்புவது?

அடிவாரம்43:

வணக்கம். சேலத்தில் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வயது 43. மூன்று வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறு காலை ஐந்து மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருப்பேன். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, மேலே ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்குவது வழக்கம்.

இத்தனை நாளும் 220இல் வயதைக் கழிக்கும் கணக்கை வைத்துத்தான் ஓட்டினேன். எனக்கு உச்சத் துடிப்பு 177 வருகிறது. நிதானமாக ஓட்ட அட்டவணை சொல்லும் 60 முதல் 70 விழுக்காடு என்றால் 106 முதல் 124 துடிப்பு. அந்த அளவில் மலை ஏறவே முடியாது. சமதளத்தில்கூடக் கொஞ்சம் எதிர்க்காற்று அடித்தால் தாண்டிவிடும். ஆனால் 124இல் ஓட்டும்போது பக்கத்தில் வருபவரிடம் வீட்டுக் கதை முழுவதும் பேசிக்கொண்டே போக முடிகிறது. எனக்கு இது குறைவு என்று உடம்பு சொல்கிறது, அட்டவணை இதுதான் சரி என்கிறது.

அதனால்தான் இதயத்துடிப்பு மாறுபாட்டை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு நெஞ்சுப் பட்டை வாங்கினேன். அந்த மாறுபாட்டிலிருந்து ஆல்பா 1 என்ற எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும் செயலியையும் போனில் போட்டேன். 0.75க்கு மேலே இருந்தால் நிதானம், 0.5க்குக் கீழே போனால் கடுமை என்று படித்தேன். போன ஞாயிறு இரண்டாவது வளைவில் 1.1 காட்டியது. நான்காவதைத் தாண்டியதும் 0.4. ஆறாவதில் 0.9. மூன்று இடத்திலும் துடிப்பு 140ஐ ஒட்டித்தான் இருந்தது. பட்டை சரியாகப் படிக்காத துடிப்புகளைப் பிழை என்று செயலி காட்டும், அந்த எண் 6, 7 விழுக்காடு.

இன்னொன்றும் இருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து ஓட்டிய புதன்கிழமை, சமதளத்திலேயே 125 துடிப்புக்கு 0.6 காட்டியது. மற்ற நாளில் அதே ரோட்டில் அதே துடிப்புக்கு 0.9 வரும். பட்டை கோளாறா, நான் ஓட்டும் விதம் கோளாறா? பழகியவர்கள் சொல்லுங்கள்.

கோவை_ரான்டோ:

அண்ணா, முதலில் அந்த 6, 7 விழுக்காட்டைச் சரிசெய்யுங்கள். நான் 3க்குள் இருந்தால்தான் நம்புவேன், 5ஐத் தாண்டினால் அன்றைய எண்ணைப் பார்ப்பதே இல்லை. போனை ஜெர்சியின் முதுகுப் பையில் வைக்கிறீர்களா? பட்டை முன்னால், போன் பின்னால், நடுவில் உங்கள் உடம்பு. சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். ஹேண்டில்பாரில் மாட்டுங்கள். பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்டுங்கள். விடியற்காலை வியர்ப்பதற்கு முன்னால் காய்ந்த பட்டை அரைகுறையாகத்தான் படிக்கும்.

கைக்கடிகாரத்தின் பச்சை விளக்கை வைத்து இதை அளக்க நினைக்காதீர்கள். சராசரித் துடிப்புக்கு அது போதும், இதற்கு ஆகாது.

ஈசிஜி_மதுரை:

சார், நான் இதயப் பிரிவில் ஈசிஜி எடுக்கும் வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நானும் சைக்கிள் ஓட்டுவேன். பிழை எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்று மட்டும் சொல்கிறேன்.

நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சராசரியாக 500 மில்லிநொடி. ஆனால் அது 500, 500, 500 என்று வராது. 498, 503, 501, 496 என்று ஆடும். ஓய்வில் படுத்திருக்கும்போது இந்த ஆட்டம் பெரிதாக இருக்கும். மிதிக்க மிதிக்க, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி தளரத் தளர, சில மில்லிநொடியாகச் சுருங்கிவிடும். அந்தச் சில மில்லிநொடியில்தான் நீங்கள் தேடும் விஷயம் இருக்கிறது. பட்டை ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டால் 500 இருக்க வேண்டிய இடத்தில் 1,000 பதிவாகும். செயலி அதைத் திருத்தப் பார்க்கும். 100க்கு ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கும். 6, 7 என்றால் அது ஊகித்து நிரப்பிய எண்ணையும் சேர்த்துத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

ஆல்பா 1 அந்த ஆட்டத்தின் அளவைச் சொல்வதில்லை, ஒழுங்கைச் சொல்கிறது. சி.கே. பெங் குழுவினர் 1995இல் இதயத்துடிப்புக்குப் பயன்படுத்திய கணக்கு இது. சுகமாக மிதிக்கும்போது ஒரு இடைவெளிக்கும் அடுத்து வருவதற்கும் தொடர்பு இருக்கும், எண் 1ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். 0.5க்கு வந்தால் தாயம் உருட்டியது மாதிரி, முன்னதற்கும் பின்னதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள 0.75ஐ, நிதானம் முடிந்து மூச்சு ஏறத் தொடங்கும் முதல் வாசலோடு பொருத்தியவர்கள் புரூஸ் ரோஜர்ஸ், தாமஸ் குரோன்வால்ட் குழுவினர். 2021இல் வெளியிட்டார்கள். கூட்டத்தின் சராசரிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு தனி ஆளுக்கு நாலைந்து துடிப்பு இப்படி அப்படி இருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். பட்டை நனைந்து, போன் முன்னால் இருந்தும் பிழை குறையவில்லை என்றால் ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கள். இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் பலருக்கு உண்டு, பெரும்பாலும் தொந்தரவு இல்லாதவைதான். ஆனாலும் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். துடிப்பின் ஒழுங்கே மாறிப்போன நோயாளிகளுக்கு இந்த எண் பொருந்தாது. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அட்டவணைத் துடிப்பையும் நம்ப முடியாது.

கோவை_ரான்டோ:

மேடம் சொன்னதற்கு மேலே மலை விஷயம் மட்டும். செயலி காட்டுவது இந்த நொடியின் எண் இல்லை அண்ணா. கடைசி இரண்டு நிமிடத் துடிப்புகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. வளைவின் உள்பக்கச் செங்குத்தில் எழுந்து நின்று இருபது நொடி மிதித்திருப்பீர்கள். வளைவு முடிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியிருப்பீர்கள். பஸ் ஹாரன் அடித்தால் ஒதுங்கி நின்றிருப்பீர்கள். இது எல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்குள் கலந்துவிடும். 1.1, 0.4, 0.9 மூன்றையும் குப்பையில் போடுங்கள்.

சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னர், மிதிக்கும் திறனை வாட்டில் காட்டுவது, யாரிடமாவது இருந்தால் ஒரு முறை கடன் வாங்குங்கள். மின்விசிறியை நேர் எதிரே வையுங்கள். 80 வாட்டில் பத்து நிமிடம், அப்புறம் நிமிடத்துக்கு 6 வாட் கூட்டிக்கொண்டே போங்கள். முதலில் எண் அசையாமல் நிற்கும், சிலருக்கு ஏறக்கூடச் செய்யும். ஒரு கட்டத்தில் 1இலிருந்து நேராகச் சரியும். அந்தச் சரிவில் 0.75 எந்தத் துடிப்பில், எத்தனை வாட்டில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரோட்டில் அந்தத் துடிப்பை மட்டும் பார்த்து ஓட்டினால் போதும்.

நான் போகும் 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டத்தில், 13 மணி 30 நிமிடம் கெடு. 140ஆவது கிலோமீட்டருக்கு அப்புறம் அதே வாட், அதே துடிப்பில் எண் மட்டும் சரிந்துகொண்டே போகும். களைப்பு அதில் முதலில் தெரியும். உங்கள் இரவு ஷிப்ட் புதன்கிழமையும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

தெருமுனை_சைக்கிள்:

எனக்கு 61 வயது. எண் எதுவும் இல்லாமல் முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா, அவ்வளவுதான். தம்பி முதல் பதிவிலேயே விடையைச் சொல்லிவிட்டார்: 124இல் கதை பேச முடிகிறது. அப்படியானால் அது குறைவுதான். 220 கணக்கு ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு தவறும். அதற்காக இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அடிவாரம்43:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், சோதனை முடிந்தது.

போன் முதுகுப் பையில்தான் இருந்தது. ஹேண்டில்பாருக்கு மாற்றி, பட்டையை நனைத்துக் கட்டியதும் பிழை 1 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. நண்பரின் டிரெய்னரை மொட்டை மாடியில் வைத்து, கீழே வீட்டிலிருந்து மின்விசிறிக்கு வயர் இழுத்து ஓட்டினேன். 110 வாட் வரைக்கும் எண் 1.1லேயே நின்றது. பிறகு சரிந்தது. 0.75 வந்தது 138 வாட்டில், துடிப்பு 131. 0.5 வந்தது 194 வாட்டில், துடிப்பு 153. பக்கத்தில் நின்ற என் மகள் நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். 130ஐத் தாண்டியதும் என் பதில் இரண்டு துண்டாக வர ஆரம்பித்தது. தெருமுனை ஐயா சொன்ன இடமும் பட்டை காட்டிய இடமும் ஒன்றாகத்தான் இருந்தன.

ஐயா, ஆனாலும் எனக்கு இது வேண்டும். காரணம் மேடம் எழுதிய அந்த ஒரு வரி: அளவைச் சொல்வதில்லை, ஒழுங்கைச் சொல்கிறது. எங்கள் லேபில் நூலின் தடிப்பு மெலிவைப் பார்க்கும் மெஷின் இருக்கிறது. இரண்டு கோன் நூலை ஓட்டினால் ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒரே அளவு காட்டும். ஆனால் ஒன்றில் அது கண்டபடி சிதறியிருக்கும், இன்னொன்றில் எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு தடிப்பு தவறாமல் வரும். இரண்டாவதைப் பார்த்ததும் எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது என்று போய்த் தொட்டுக் காட்டிவிடலாம். மொத்த அளவை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. பதினெட்டு வருடமாக நூலில் இதைத்தான் பார்க்கிறேன். என் நெஞ்சிலும் அதே மாதிரி ஒன்று ஓடுகிறது என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நேற்று இரவு ஷிப்ட் முடிந்து வந்து, அதே மாடியில் 120 வாட் இருபது நிமிடம் ஓட்டினேன். துடிப்பு 126. பேச்சு சரளமாகத்தான் வந்தது. எண் 0.68. ஓய்ந்த நாளில் அதே 120 வாட்டுக்கு 0.95 வந்திருந்தது. பேச்சுக்குத் தெரியாதது இதற்குத் தெரிந்தது. 90 வாட்டுக்கு இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கிவிட்டேன். இனி ஷிப்ட் வாரத்தில் மலை கிடையாது. மலையில் எண்ணையும் பார்க்கப் போவதில்லை, அடிவாரம் வரைக்கும் உள்ள சமதளத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஏறுவதா திரும்புவதா என்று முடிவு செய்வேன்.

மேடம், ஈசிஜியும் எடுத்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். பட்டையை எத்தனை நாளைக்கு ஒரு முறை துவைப்பது?

ஈசிஜி_மதுரை:

நல்ல செய்தி சார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசுங்கள், வாரம் ஒரு முறை லேசான சோப்பு போட்டு. முறுக்கிப் பிழியாதீர்கள், நிழலில் காயப் போடுங்கள். சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றி வையுங்கள். ஈரப் பட்டையில் மாட்டியே விட்டால் அது இன்னும் உங்கள் நெஞ்சில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பேட்டரியைத் தின்றுவிடும்.