புதுப்பிப்பு: வாலிபர் கூட்டப் பொறுப்பு என்ன ஆனது?

தாராவியில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் கூட்டத்தை நடத்தும் பொறுப்பைத் தருவதாகச் சொன்ன மூப்பர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பிரிந்துபோய்த் தனி ஜெபக்குழு தொடங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

பிரியவில்லை. பொறுப்பும் இன்னும் வரவில்லை.

வேதாகமத்தில் வரும் தாவீதைப் பாருங்கள் என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். தீர்க்கதரிசி சாமுவேல் அவரை ராஜாவாக அபிஷேகம் பண்ணியபோது அவர் ஆடு மேய்த்த பிள்ளை. ராஜாவானது 30 வயதில். அதுவும் முதல் ஏழரை வருஷம் எப்ரோன் ஊரில், யூதா கோத்திரத்துக்கு மட்டும். ஆனால் என்னைத் தடுத்து நிறுத்தியது எங்கேதி குகைதான். தாவீதைக் கொல்லத் தேடிய ராஜா சவுல் கைக்கெட்டும் தூரத்தில். கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று கூட இருந்தவர்களே தூண்டுகிறார்கள். தாவீதோ சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுக்கிறார், அதற்கே மனம் அடித்துக்கொள்கிறது. வாய்ப்பு வந்துவிட்டது என்பதாலேயே அது தேவன் குறித்த வேளை ஆகிவிடாது என்று அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

அதுல்லாம் குகையில் கடன்பட்டவர்கள், மனம் கசந்தவர்கள் என்று ஏறக்குறைய 400 பேர் அவரிடம் வந்து சேர்ந்ததையும் மறக்க முடியவில்லை. பட்டம் வருமுன்பே அவர்களுக்குத் தலைவரானார்.

பொறுமை என்றால் வாய்மூடி இருப்பது என்று நான் நம்பவில்லை. மூத்த மூப்பரிடம் நேரில் கேட்டேன். வருடாந்தரக் கூட்டத்தில் முடிவு செய்வோம் என்றார். இதற்கிடையில் ஞாயிறு மாலைகளில், தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். தனியாகப் போகலாம் என்று என்னை அழைத்த தம்பிகளும் உதவிக்கு வருகிறார்கள்.

பெரிய எழுத்தில் அச்சான நல்ல வாசிப்புப் புத்தகம் தெரிந்தால் சொல்லுங்கள்.