ஃப்ரேசல் வெர்ப்: ‘இடைச்சொல்வினை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் இடியம், ஃப்ரேசல் வெர்ப் (phrasal verb) இரண்டுக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. ‘புட் ஆஃப்’ போல ஒரு வினையும் சிறுசொல்லும் சேர்ந்து ஒரு வினையாக வருவது ஃப்ரேசல் வெர்ப். இடியம் என்பதற்கு ‘மரபுத்தொடர்’ நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டாம். ஃப்ரேசல் வெர்புக்கு இந்த இழையில் ‘கூட்டுவினை’ என்றே பலரும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

‘புட் ஆஃப்’ என்பதைத் ‘தள்ளிப்போடு’ என்கிறோம். அதனால் இரண்டும் ஒரே வகை போலத் தோன்றுகிறது. ஆனால் தள்ளி, போடு இரண்டுமே வினைகள். ‘ஆஃப்’ வினையே அல்ல. போதாததற்கு அது இடமும் மாறும். ‘புட் ஆஃப் த மீட்டிங்’ சரி, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்பதும் சரி. மீட்டிங்குக்குப் பதில் ‘இட்’ வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘புட் இட் ஆஃப்’. தமிழில் ‘தள்ளிக் கூட்டத்தைப் போட்டார்’ என்று யாராவது பேசுவோமா? நம் பிள்ளைகள் ‘புட் ஆஃப் இட்’ என்று தவறாக எழுதுவது இங்கேதான். கூட்டுவினை என்று பெயர் வைத்தால் இந்த வேறுபாடே மறைந்துபோகும்.

இன்னொரு பெயரான ‘மரபுவினை’யும் ஒத்துவராது. ‘சிட் டவுன்’ போன்றவற்றில் பொருள் வெளிப்படையாகவே இருக்கிறது. ‘சொற்றொடர் வினை’ வெறும் சொல்லுக்குச் சொல். மாணவருக்கு எதையும் உணர்த்தாது.

என் பரிந்துரை ‘இடைச்சொல்வினை’. ‘கிவ் அப்’ கைவிடுவது, ‘கிவ் இன்’ பணிந்துபோவது, ‘கிவ் அவே’ சும்மா கொடுத்துவிடுவது. சில இடங்களில் காட்டிக்கொடுப்பதும் கூட. வினை ஒன்றுதான், பொருளைத் திருப்பிவிடுவது பின்னால் வரும் சிறுசொல். பெயரில் அந்தச் சிறுசொல் தெரிய வேண்டும்.

‘அப்’, ‘அவே’ எல்லாம் வினையடைகள் ஆயிற்றே, இடைச்சொல் எப்படி ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ‘கிவ் அப்’பில் ‘மேலே’ என்ற பொருள் எங்கே இருக்கிறது? தனக்கென்று பொருளில்லாமல் வினையைச் சார்ந்தே அது இயங்குகிறது. இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே வரும் என்பதுதானே தொல்காப்பியம் சொல்வதும்? வேற்றுமை உருபையே இடைச்சொல்லில் அடக்கிய மரபு நம்முடையது. இதற்கும் அங்கே இடமுண்டு.

வினையும் சிறுசொல்லும் பிரிந்து நிற்கக்கூடிய உட்பிரிவுக்குப் ‘பிரிவினை’ என்று சுருக்கிவிடாதீர்கள், பாகப்பிரிவினைதான் நினைவுக்கு வரும். ‘புட் ஆஃப்’ பிரியும் இடைச்சொல்வினை, ‘லுக் ஆஃப்டர்’ (கவனித்துக்கொள்வது) பிரியா இடைச்சொல்வினை என்று நீளமாகவே இருக்கட்டும். ‘புட் அப் வித்’ (பொறுத்துக்கொள்வது) போல இரண்டு சிறுசொற்கள் வருவதற்குத் தனிப்பெயர் வேண்டுமா, பிரியா வகையிலேயே சேர்த்துவிடலாமா? வகுப்பெடுப்பவர்கள் சொல்லுங்கள்.