கருவுற்றிருந்தபோது எனக்கு வந்த மனச்சோர்வு மகளின் மரபணுவில் பதிந்திருக்குமா?

குறிஞ்சிமலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவளைச் சுமந்திருந்தபோது ஆறாம் மாதம் தொடங்கி எனக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவரிடம் செல்வதற்கும் தாமதமாகிவிட்டது. என் தாயாரும் நெடுங்காலம் மனச்சிதைவு நோயோடு வாழ்ந்தவர். தாய் படும் துயரம் வேதிக்குறிகளாகக் குழந்தையின் டி.என்.ஏ.மேல் அமர்ந்துவிடுகிறது என்றும், அது தலைமுறை தாண்டியும் செல்கிறது என்றும் ஒரு கட்டுரையில் படித்ததிலிருந்து, அவள் அழும்போதெல்லாம் இதற்கு நான்தான் காரணமோ என்ற எண்ணமே முதலில் எழுகிறது. இக்குறிகளை இரத்தத்தில் அளந்து சொல்லும் சோதனை உண்டென்று உறவினர் ஒருவர் கூறுகிறார். இவற்றில் எது உறுதியானது, எது ஊகம், அச்சோதனையைச் செய்யலாமா என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இழைநூல்

மரபணு வெளிப்பாட்டை ஆராயும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிகிறேன். நீங்கள் படித்த கருத்துக்கு வேராக இருப்பது, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே சிஃப் ஆகியோரின் குழு 2004-இல் வெளியிட்ட எலி ஆய்வு. தாய் எலிகளில் சில தம் குட்டிகளை மிகுதியாக நக்கிக் கொடுக்கும். சில குறைவாகவே செய்யும். குறைவாக நக்கப்பட்ட குட்டிகளின் மூளையில், ஹிப்போகேம்பஸ் பகுதியில், அழுத்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிக்குரிய மரபணுவின் தொடக்கப் பகுதியில் மீத்தைல் குறிகள் (டி.என்.ஏ.மேல் ஒட்டிக்கொள்ளும் சிறு வேதிக்குறிகள்) கூடுதலாக இருந்தன. அக்குறிகள் கூடினால் மரபணு அடங்கிவிடும், ஏற்பிகள் குறையும், அழுத்தம் வந்தால் உடல் எளிதில் தணியாது. டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலேயே மரபணுவின் செயல் மாறுவது என்பது இதுதான்.

ஆனால் அதே ஆய்வின் மறுபாதியைக் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இந்த வேறுபாடு பிறந்த முதல் வாரத்திற்குள் உருவானதே தவிர, கருவிலிருந்து வந்ததன்று. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியைப் பிறந்த சில மணி நேரத்திற்குள் மிகுதியாக நக்கும் தாயிடம் விட்டபோது, வளர்த்த தாயின் போக்கையே அதன் குறிகள் பின்பற்றின. வளர்ந்த எலிகளின் மூளையில் ஹிஸ்டோன் எனப்படும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்களிலிருந்து, மரபணு செயல்பட உதவும் அசெட்டைல் குழுக்கள் நீங்காமல் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, அந்த வயதிலும் வேறுபாடு மறைந்தது. ஆகவே, குறி விழுந்தால் அழியாது என்ற முடிவுக்கு அந்த ஆய்வே இடம் தரவில்லை.

மனிதரிடத்தில் 2009-இல் அதே குழு, தற்கொலையால் இறந்தோரின் மூளைத் திசுவை ஆராய்ந்து, குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு உள்ளானவர்களிடம் ஒத்த மாற்றத்தைக் கண்டது. ஒவ்வொரு பிரிவிலும் 12 பேர் மட்டுமே இருந்த ஆய்வு அது. முக்கியமான தடயம்தான், எனினும் உங்கள் மகளைப் பற்றி எதுவும் சொல்லிவிடக்கூடியதன்று.

மருதநிலம்

மனநல மருத்துவராக எழுதுகிறேன். சகோதரி, அந்தச் சோதனை வேண்டாம். நாம் அறிய விரும்புவது மூளையில் உள்ள குறிகளை. கிடைப்பதோ இரத்த அணுக்களில் உள்ளவை. ஒவ்வொரு வகைத் திசுவிலும் குறிகளின் அமைப்பு வேறாக இருக்கும். புகைபிடித்தல், மருந்துகள், வயது ஆகியவையும் அவற்றை மாற்றும். இரத்தத்தில் மீத்தைல் அளவைப் பார்த்து மனநோயைக் கண்டறியவோ முன்னறிவிக்கவோ வல்ல, மருத்துவத்தில் ஏற்கப்பட்ட சோதனை இன்றுவரை இல்லை.

கருக்காலச் சூழலுக்குப் பங்கே இல்லை என்று நான் கூறவில்லை. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களிடம் மனச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. சீனாவின் 1959-61 பஞ்சத்திலும் அதே போக்குத் தெரிந்தது. நெதர்லாந்தில் கருவின் தொடக்கத்தில் பஞ்சத்திற்கு உள்ளானவர்களிடம், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஐ.ஜி.எஃப்.2 என்னும், உடல் வளர்ச்சியோடு தொடர்புடைய மரபணுவில் மீத்தைல் குறைந்திருந்தது. ஆனால் அந்தக் குறிதான் நோயை உண்டாக்கியது என்று எவரும் நிறுவவில்லை. மேலும், அடிப்படை அபாயமே நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கும்போது, இரு மடங்கு என்றாலும் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கிறார்கள். பாட்டிக்கு மனச்சிதைவு இருந்தால் பேரக் குழந்தைக்கு வரும் வாய்ப்பைப் பழைய குடும்ப ஆய்வுகள் நூற்றுக்கு 5 என்ற அளவில்தான் மதிப்பிட்டன.

தலைமுறை தாண்டும் என்பதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது, யூத இனப்படுகொலையில் உயிர்பிழைத்த 32 பேரையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 22 பேரையும் ஆராய்ந்து ரேச்சல் யெஹுதா குழுவினர் வெளியிட்ட ஆய்வு. எஃப்.கே.பி.பி.5 என்ற, அழுத்த ஹார்மோனின் செயலோடு தொடர்புடைய மரபணுவின் ஒரே இடத்தில் பெற்றோரிடம் மீத்தைல் கூடியும், பிள்ளைகளிடம் குறைந்தும் இருந்தது. பெற்றோரின் குறி அப்படியே பிள்ளைக்கு இறங்கியது என்று இதை வாசிப்பது பொருந்தாது. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதும், கருத்தரித்த உடனும் பெரும்பாலான குறிகள் துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. துயருற்ற பெற்றோரிடம் வளர்வதால் வரும் மாற்றத்தை, கருமுட்டை அல்லது விந்தணு வழியாக வந்த மாற்றத்திலிருந்து மனிதரிடம் பிரித்தறிவது மிகக் கடினம்.

இந்த ஆய்வுகள் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கருவியாக மாறுவதைக் காணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. கருக்காலத்தில் மனச்சோர்வு என்பது உங்களுக்கு வந்த நோய். நீங்கள் செய்த செயலன்று.

இரட்டைவால்குருவி

என்னுடன் ஒரே கருவில் பிறந்த தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு வந்தது. எனக்கு இன்றுவரை இல்லை. ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்புப் பாதிக்கும் குறைவென்று எங்கள் மருத்துவர் விளக்கினார். மூன்று வயது இரட்டையரிடம் ஏறக்குறைய ஒன்றாக இருந்த குறிகள் ஐம்பது வயதினரிடம் வெகுவாக வேறுபட்டிருந்ததை 2005-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் காட்டியதையும் அவர் வழியாகவே அறிந்தேன். எங்கள் தாயார் ஒருவரே, கரு ஒன்றே. அவரும் பல ஆண்டுகள் தம்மையே நொந்துகொண்டார் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குறிஞ்சிமலர்

மூவருக்கும் நன்றி. சோதனை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: மகளிடம் நான் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மருதநிலம்

நான்கு வயதுக் குழந்தை அழுவது இயல்பு. பேச்சு, விளையாட்டு, உறக்கம், பிறரோடு பழகுதல் ஆகியவற்றில் முன்பு இருந்தது குறைந்துபோனால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்பாக, உங்களுக்கு மனச்சோர்வு இப்போது எப்படி இருக்கிறது என்பதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். தாயின் மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளித்து அது தணியும்போது பிள்ளைகளின் நிலையும் மேம்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.