புதுப்பிப்பு: ஆர்.வி.யில் அலாஸ்கா வந்து சேர்ந்துவிட்டோம்

அலாஸ்காவுக்குத் தனியாக ஆர்.வி. (படுக்கை, சமையலறை உள்ள வீட்டு வண்டி) ஓட்டிப் போவதா, பல ஆர்.வி.கள் சேர்ந்து போகும் கேரவன் குழுவோடு போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் குழுவோடு போகச் சொன்னீர்கள். அப்படியே கிளம்பினோம், இப்போது டோக் ஊரிலிருந்து எழுதுகிறேன்.

குழு என்றால் வரிசையாக ஒட்டிக்கொண்டு போவதில்லை. காலையில் அவரவர் வசதிக்குக் கிளம்பலாம், மாலையில் முகாமில் கூடுவோம். கடைசி வண்டியில் வருபவருக்கு ‘டெயில் கன்னர்’ என்று பெயர். வழியில் கனடாவின் லியார்ட் ஆற்றுக்கு முன்னால் எங்கள் பின் டயர் இறங்கியபோது செல்போன் சிக்னலே இல்லை. அவர்தான் வந்து ஜாக்கி வைத்துச் சக்கரம் மாற்றினார். எண்பது கிலோமீட்டர் போனதும் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்கவும் சொன்னார். அந்த மனிதருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. அப்புறம் லியார்ட் வெந்நீர் ஊற்றில் குளித்ததில் களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

கனடா வழியாக வரும் அலாஸ்கா நெடுஞ்சாலை பெரும்பாலும் நல்ல தார்ச்சாலைதான். டெஸ்ட்ரக்‌ஷன் பே தாண்டி பீவர் கிரீக் வரைதான் சோதனை. அடியில் உறைந்திருக்கும் மண் இளகுவதால் சாலை அலை அலையாக மேடு பள்ளமாகக் கிடக்கிறது. ஓரத்தில் சின்னக் கொடி தெரிந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். அலமாரிக் கதவுகளைக் கயிற்றால் கட்டியிருந்ததால் எங்கள் பாத்திரங்கள் பிழைத்தன.

டீசல் பற்றிக் கேட்டவருக்கு: ஃபோர்ட் நெல்சனில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து வாட்சன் லேக் 500 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பெட்ரோல் பங்குகள் குறைவு, விலையும் கூடுதல்.

சரி, அடுத்து ஃபேர்பேங்க்ஸ்.